தரிசு என்று எழுதப்பட்ட திடல்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தின் அரசு நடுநிலைப்பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் நடத்திய ஒரு களப்பாடத்தை ஆசிரிய நண்பர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். பள்ளிக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள பொதுத் திடல்தான் பாடப்பொருள். ஆறு வாரங்களில் 12 பாடவேளைகள் ஆயின. சமூக அறிவியல், கணக்கு, தமிழ் ஆகிய மூன்று பாடங்களும் இதில் கலந்தன. எங்கள் கணக்கு ஆசிரியரும் தமிழாசிரியரும் தங்கள் பாடவேளைகளைத் தந்து உடன் நின்றார்கள்.

ஏன் இந்தப் பாடம்?

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்க, தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே குறுகலான நிலத்தில் பல குப்பங்கள் அமைந்துள்ளன. வீடுகள் நெருக்கமாக இருக்கும். கொல்லைப்புறம் என்று தனியாக எதுவும் இருக்காது. ஆகவே ஊர்ப் பொதுத் திடல் இங்கே குழந்தைகள் ஆடும் இடமாகவும் பெரியவர்கள் வலை உலர்த்தும் இடமாகவும் இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் அட்டவணையில் பள்ளிக்கு இருக்கவேண்டிய வசதிகளுள் விளையாட்டுத்திடலையும் சேர்த்திருக்கிறது. எங்கள் பள்ளி வளாகத்தில் காலை வணக்கக் கூட்டத்திற்கு வரிசையாக நிற்க இடம் உண்டு. ஓடியாட இடம் இல்லை. உடற்கல்வி வேளையில் கதவைத் திறந்துகொண்டு ஊர்த் திடலுக்குத்தான் போகிறோம். இந்த நிலையில் உள்ள பள்ளிகள் மாநிலத்தில் பல இருக்கும்.

சென்ற ஆண்டு இந்தத் திடலின் நடுவில் ஒரு சமுதாயக் கூடம் கட்டலாம் என்ற பேச்சு ஊரில் எழுந்தது. ஊருக்குக் கூடம் தேவை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், அது நம்ம ஊர் இடமா, கவர்மெண்ட் இடமா?" இன்னொருவன், "ரெண்டும் ஒண்ணுதானடா" என்றான். வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதையே பாடமாக்கினோம்.

எதிர்பார்த்த கற்றல் விளைவுகள் நான்கு. மாணவர்கள் ஒரு பொது நிலத்தின் பயன்பாட்டை உற்றுநோக்கிப் பதிவு செய்வார்கள். ஒழுங்கற்ற வடிவ நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவார்கள். வருவாய்ப் பதிவேடுகளின் அடிப்படைச் சொற்களைப் படித்துப் பொருள் கொள்வார்கள். கிராம சபைக்கு உரிய வடிவில் ஒரு கோரிக்கையை எழுதுவார்கள்.

செயல்பாடு 1: திடலின் ஒரு நாள்

மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்தேன். ஐந்து நாள்கள், காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை, யார் யார் திடலில் என்ன செய்கிறார்கள் என்பதை மணிக்கு ஒருமுறை குறித்துவர வேண்டும். பள்ளி நேரத்தில் நடப்பதை வீட்டிலிருக்கும் தாத்தா, ஆயாவிடம் கேட்டு எழுதலாம். ஆட்களின் பெயர் எழுதக்கூடாது. செயல், நேரம், இடம் இவை மட்டும் போதும் என்பது விதி.

வந்த பட்டியல் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. விடியலில் ஏரியிலிருந்து திரும்பியவர்கள் வலையை உதறி மேற்குப் பக்கம் காயப்போடுகிறார்கள். ஏழு மணிக்குப் பெண்கள் தார்ப்பாய் விரித்துச் சிறுமீனையும் இறாலையும் உலர்த்துகிறார்கள். வெயில் ஏறியதும் பூவரச மரத்தடியில் முதியவர்கள் வலை பொத்துகிறார்கள், தாயம் ஆடுகிறார்கள். மாலையில் கைப்பந்தும் கிரிக்கெட்டும். சிறுவர்கள் ஓரமாகக் கில்லி ஆடுகிறார்கள், சிறுமிகள் வாசலோரம் பாண்டி ஆடுகிறார்கள். இவை தவிர அன்றாடம் நடக்காதவற்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள்: ஆடியில் கூழ் வார்ப்பது, கல்யாணப் பந்தல், புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை இழுத்து ஏற்றி வைப்பது, மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் வடிந்து ஏரிக்குப் போகும் வழி.

ஒரு குழு இன்னொன்றையும் கண்டது. மாலை 4 மணிக்குப் பிறகு ஐந்து நாள்களிலும் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளை ஒருவர்கூடத் திடலில் விளையாடவில்லை. குழுத் தலைவியாக இருந்த மாணவி தன் குறிப்பேட்டில், "எங்களுக்கு இது விளையாடும் இடம் இல்லை, கடந்து போகும் இடம்" என்று எழுதியிருந்தாள். பொது நிலம் எல்லோருக்கும் பொதுவா என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

செயல்பாடு 2: அளந்து பார்த்தல்

30 மீட்டர் நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சிட்டு அளவுக்கயிறு செய்தோம். முடிச்சிட்டபின் கயிறு சுருங்கும் என்பதால் முடிச்சுகளின் இடைவெளியைப் பள்ளி அளவுநாடாவால் சரிபார்த்துக்கொண்டோம். வலைக்கயிற்றைக் கையாளப் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் நான் சொல்லித்தர எதுவும் இருக்கவில்லை.

திறந்தவெளியாக எஞ்சியிருந்த பகுதி ஏறத்தாழச் சரிவகமாக இருந்தது. இணைப்பக்கங்கள் 62 மீட்டர், 48 மீட்டர். இடையே உள்ள தொலைவு 40 மீட்டர். பரப்பு 2,200 சதுர மீட்டர், அதாவது 22 ஏர். வீட்டில் பெரியவர்கள் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள் என்பதால் அதையும் மாற்றிப் பார்த்தோம். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆகவே திடல் ஏறத்தாழ 54 சென்ட்.

அடுத்து, இந்த இடத்தில் என்னவெல்லாம் அடங்கும் என்று தாளில் வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். இவற்றைச் சுற்றி ஓடுவதற்கான இடம் விட்டு, வலைக்கும் கருவாட்டுக்கும் மேற்குப் பக்கத்தை ஒதுக்கிய பிறகும் இடம் மிஞ்சியது. நடுவில் ஒரு கூடத்தை வரைந்து பார்த்தால் இரண்டு பக்கமும் துண்டாகி, கைப்பந்துக் களம்கூட முறையாக அடங்கவில்லை. கட்டடம் எடுத்துக்கொள்ளும் பரப்பைவிட அது நிற்கும் இடம்தான் முக்கியம் என்பதை இந்தத் தாள் வேலை ஒரே வேளையில் காட்டிவிட்டது.

செயல்பாடு 3: பதிவேட்டைப் படித்தல்

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் நிலங்களுக்குப் புல எண் உண்டு. எந்தப் புலம் என்ன வகை, எவ்வளவு பரப்பு என்பதை அ பதிவேடு சொல்லும். அதன் வடிவத்தையும் எல்லை அளவுகளையும் புலப்படம் காட்டும். ஆண்டுதோறும் நிலம் எப்படிப் பயன்படுகிறது என்பதை அடங்கல் பதியும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் அ பதிவேட்டு விவரத்தை எவரும் பார்க்கலாம். ஒரு புலம் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அதில் வழி உண்டு. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியிலேயே பார்த்தோம். புரியாதவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் பள்ளிக்கு வந்து பொறுமையாக விளக்கினார்.

முதலில் 'புறம்போக்கு' என்ற சொல். வசைச்சொல்லாக மட்டுமே பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது. வரி விதிக்கப்படும் விளைநிலக் கணக்குக்குப் புறம்பாக, பொதுத் தேவைக்கென விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள் என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. ஏரி, குளம், ஆறு, சாலை, சுடுகாடு எல்லாமே புறம்போக்குதான்.

இரண்டாவது, எங்கள் திடலின் வகைப்பாடு. பதிவேட்டில் அது 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருந்தது. வரி நிர்ணயிக்கப்படாத, பயிரில்லா நிலம் என்று பொருள். ஒரு மாணவன் உடனே, "விளையலன்னா தரிசு, சரி. நாம அங்க தினமும் விளையாடுறோமே சார், அதை எங்க எழுதுவாங்க?" என்றான்.

இந்தக் கேள்வியைத்தான் இந்தப் பாடத்தின் மையமாக நான் கருதுகிறேன். சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறை நிலவரி வசூலுக்காக உருவானது. அதன் பதிவேடு உழவனின் ஊரைப் பார்த்து எழுதப்பட்டது. இன்றும் அதன் தடம் சட்டத்தில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 134ஆம் பிரிவில், கிராம ஊராட்சியிடம் ஒப்படைக்கப்படும் புறம்போக்குகளைப் பட்டியலிடுகிறது: மேய்ச்சல் நிலம், கதிரடிக்கும் களம், சுடுகாடு இடுகாடு, மாடுகள் நிற்கும் மந்தை, வண்டிப்பாதை, தோப்பு. எங்கள் பிள்ளைகள் இந்தப் பட்டியலைத் தங்கள் ஐந்து நாள் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டார்கள். கதிரடிக்கும் களம் இருக்கிறது; கருவாடு காயும் களம் இல்லை. மந்தை இருக்கிறது, படகு ஏற்றி வைக்கும் இடம் இல்லை. வலை உலர்த்துமிடம் இல்லை. விளையாட்டுத்திடலும் இல்லை.

பெயர் இல்லாத பயன்பாடு, பதிவேட்டைப் பார்த்து முடிவெடுப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு அது காலி இடம். ஊரில் புதிதாக எது வரவேண்டுமானாலும் முதலில் அவர் கை அங்கேதான் போகும். அவர் மீது தவறில்லை. அவர் கையில் உள்ள தாள் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே பொதுத் திடலைக் காப்பதன் முதல் படி, அங்கே நடப்பதைத் தாளில் ஏற்றுவது.

செயல்பாடு 4: பரப்பு எங்கே போனது?

பதிவேட்டில் புலத்தின் பரப்பு 31 ஏர். நாங்கள் அளந்தது 22 ஏர். மீதி 9 ஏர் எங்கே?

இந்த இடத்தில் ஆசிரியர் மிகுந்த கவனத்துடன் நடக்க வேண்டும். ஊரில் நிலம் பற்றிய கேள்வி எப்போதும் யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் போய் முடியும். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீடு திடலின் வடகிழக்கு மூலையில், அந்தப் புலத்துக்குள் இருந்தது. இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அளவு எடுக்கும் நாளுக்கு முன்பே அவள் வீட்டுக்குப் போய் அவளுடைய ஆயாவிடம் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொன்னேன். "அளந்துக்கோ சாமி. என் புள்ளைங்க ஆடுனதும் அங்கதான், பேரப்புள்ளைங்க ஆடுறதும் அங்கதான்" என்றார் அவர். வகுப்பிலும் ஒரு முடிவு எடுத்துக்கொண்டோம். வரைபடத்தில் எந்த வீட்டுக்கும் பெயர் இருக்காது. 'குடியிருப்பு' என்ற ஒரே குறியீடுதான். வீடில்லாத ஏழைகள் குடியிருப்பதும், வசதி உள்ளவர் வளைத்துப்போடுவதும் ஒன்றல்ல என்பதை விவாதித்த பிறகே கயிறு எடுத்தோம்.

கணக்கு இப்படி வந்தது. சிமெண்ட் சாலை 250 சதுர மீட்டர். அங்கன்வாடி 180. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் மோட்டார் அறையும் 120. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய பொதுக் கட்டடம் 110. சீமைக் கருவேலப் புதர் 150. குடியிருப்பு, இரண்டு வீடுகளும் சேர்த்து, 90. மொத்தம் 900 சதுர மீட்டர்.

இந்தக் கூட்டல் கணக்கைக் கரும்பலகையில் போட்டவள் அந்த மாணவிதான். திடலைச் சுருக்கியது தன் வீடு என்று அவள் அதுவரை நினைத்திருக்கக்கூடும். பத்தில் ஒரு பங்குதான் வீடுகள். பெரும்பகுதி சாலையும் அரசுக் கட்டடங்களும் என்று எண்கள் சொல்லின. போடப்பட்ட ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதே. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. பொதுத் திடல்கள் பெரும்பாலும் இப்படித்தான் குறைகின்றன: பேராசையால் ஒரே நாளில் போவதைவிட, நல்ல காரணங்களால் கொஞ்சம் கொஞ்சமாக.

இதே கணக்கு ஒரு வழியையும் காட்டியது. பூட்டிய கட்டடமும் அதை ஒட்டிய புதரும் சேர்ந்தால் 260 சதுர மீட்டர். கூடத்துக்கு அங்கேயே இடம் இருந்தது.

செயல்பாடு 5: சட்டம் என்ன சொல்கிறது?

சட்டப் பகுதியை நீட்டாமல் நான்கு செய்திகளாகத் தந்தேன்.

ஒன்று: 2011 ஜனவரி 28 அன்று, ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியாலா மாவட்டத்தின் ஒரு கிராமக் குளத்தைப் பற்றிய வழக்கு அது. கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி, அவற்றை ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்டுத் தரத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு முறைப்படி குத்தகைக்கு வழங்கியவை, பள்ளி, மருந்தகம் போன்ற பொது வசதிகள் இருக்கும் இடங்கள் ஆகியவற்றுக்கு விதிவிலக்கு தரலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இரண்டு: கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2011 ஜனவரி 6 அறிவிக்கையும் 2019 ஜனவரி 18 அறிவிக்கையும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு மிக முக்கியமானவை. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவக் கிராமங்களையும், மீனவச் சமூகங்களின் பொதுச் சொத்துகளையும், மீன் உலர்த்தும் இடங்களையும், பள்ளி, சாலை, மருந்தகம் போன்றவற்றையும் புல எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அ பதிவேட்டில் இல்லாத சொல் இங்கே இருக்கிறது. கட்டுமானத்துக்குத் தடையுள்ள கரையோரப் பகுதியிலும் பூங்கா, விளையாட்டுத்திடல் போன்றவற்றை அனுமதிக்கலாம் என்றும் 2011 அறிவிக்கை கூறியது.

மூன்று: 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத்திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அவற்றைப் பட்டியலிட்டுப் பதிவதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. நகரங்களை மனத்தில் கொண்டு வந்த சட்டம் என்றாலும், 'முதலில் பட்டியல்' என்ற அதன் கருத்து ஊருக்கும் பொருந்தும்.

நான்கு: வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் பொது நிலச் சட்டப்படி, ஊரார் ஒரு நிலத்தை 20 ஆண்டுகள் யாருடைய அனுமதியும் கேட்காமல், வெளிப்படையாக, விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்தி வந்ததை மெய்ப்பித்தால் அதை 'ஊர்ப் பசுந்திடல்' எனப் பதிவு செய்யக் கோரலாம். நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அங்கே சான்றாக வைக்கப்படுவது பழைய நிழற்படங்களும், முதியோர் வாக்குமூலமும், யார் எப்போது ஆடினார்கள் என்ற குறிப்பும்தான் என்றதும், பிள்ளைகள் தங்கள் குறிப்பேட்டை வேறு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். மறுநாளே பழைய கல்யாண ஆல்பங்கள் வகுப்புக்கு வந்தன. பந்தலுக்குப் பின்னால் திடல் தெரியும் படங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டோம்.

செயல்பாடு 6: திடலுக்கு ஒரு 'பாடு'

பதிவு செய்தால் மட்டும் நிலம் நிலைத்துவிடாது. பயன்படுத்துவோருக்குள் ஒழுங்கு இல்லாவிட்டால் வல்லவர் கைக்குத்தான் போகும். இதைக் கற்பிக்க எங்கள் ஊரைவிட நல்ல இடம் இல்லை. பழவேற்காட்டில் 'பாடு' என்ற பங்கீட்டு முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கும் பாடு முறையை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியுள்ளனர். ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களை, தலைக்கட்டுக் குடும்பங்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். ஒருவர் பாட்டில் அடுத்தவர் வலை போடமாட்டார். மீறினால் ஊர் கூடிக் கேட்கும்.

பொதுவளம் என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஆகவே அது அரசிடமோ தனியாரிடமோ இருக்க வேண்டும் என்று பலர் வாதிட்டு வந்த காலத்தில், பயன்படுத்துவோரே விதி வகுத்து அதை நெடுங்காலம் காக்க முடியும் என்று உலகெங்குமிருந்து சான்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவர், அப்பரிசைப் பெற்ற முதல் பெண். தெளிவான எல்லை, உறுப்பினர் சேர்ந்து வகுத்த விதி, கண்காணிப்பு, மீறலுக்குப் படிப்படியான தண்டனை என்று அவர் சொன்ன கூறுகளைப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் பாட்டு முறையில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

பெண் பிள்ளைகள் குழு விடவில்லை. "பாட்டுல பொம்பளைங்களுக்குப் பங்கு இருக்கா சார்?" மணமான ஆண்களின் பெயரில்தான் பங்கு. வேறு சமூகத்தாருக்கும் அதில் இடம் இல்லை. நல்ல ஒழுங்கு உள்ள ஒரு முறையிலும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே பேசினோம். திடலுக்கு விதி எழுதும்போது முறைவைக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம், விலக்கி வைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவாயிற்று.

இப்படித் திடலுக்கு ஒரு பாடு அட்டவணை உருவானது. காலை 10 மணி வரை கருவாட்டுக்கும் வலைக்கும். பள்ளி நேரத்தில் உடற்கல்விக்கு. திங்கள், புதன், வெள்ளி மாலை 4.30 முதல் 5.30 வரை பெண் பிள்ளைகளுக்கு. ஆண் பிள்ளைகள் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களில் ஒருவனே எழுந்து, "அடுத்தவன் பாட்டுல எங்கப்பா வலை போடமாட்டாரு. நாம எப்படிப் போய் ஆடறது?" என்றான். நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

கிராம சபைக்கு

தமிழாசிரியரின் துணையுடன் நான்கு பக்க அறிக்கை ஒன்று எழுதினோம். வரைபடம், பயன்பாட்டு அட்டவணை, பரப்புக் கணக்கு, மூன்று கோரிக்கைகள். கூடத்தைப் பழைய கட்டடத்தின் இடத்தில் கட்டுவது. எஞ்சிய 22 ஏரை விளையாட்டுத்திடல், வலை மற்றும் மீன் உலர்த்துமிடம் என்று வகைப்படுத்த வருவாய்த்துறையைக் கேட்பது. கடலோர மேலாண்மை வரைபடத்தில் இதை ஊர்ப் பொதுச் சொத்தாகக் குறிக்கக் கோருவது. முதலில் பள்ளி மேலாண்மைக் குழு இதைத் தீர்மானமாக ஏற்றது. அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் குழுவின் தலைவரான ஒரு தாய் இதை முன்வைத்தார். மாணவர்கள் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பழைய கட்டடத்தை இடிக்கச் செலவு யார் தருவது என்று ஒருவர் கேட்டார். தரிசு என்று இருந்தால்தான் நாளைக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கு மனை கேட்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள். குடும்பங்கள் பெருகும் ஊரில் மனைத் தேவை உண்மையானது. அதற்கு வேறு இடம் கேட்டுத் தனித் தீர்மானம் போடுவது என்று ஊராட்சித் தலைவர் முடித்துவைத்தார். மூன்று கோரிக்கைகளும் தீர்மானமாயின. கூடத்தின் இடம் மாற்றப்பட்டுவிட்டது. வகைப்பாடு மாற்றக் கோரிக்கை வட்டாட்சியர் வழியாகப் போயிருக்கிறது. இன்னும் முடிவு வரவில்லை. பதிவேட்டில் இன்றைக்கும் அது தரிசுதான். பாடு அட்டவணை மட்டும் பூவரச மரத்தடிப் பலகையில் தொங்குகிறது. வாரத்தில் மூன்று மாலைகளில் இல்லாவிட்டாலும் இரண்டு மாலைகளிலாவது பெண் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள்.

மதிப்பீடு

தேர்வுத்தாளுக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். ஒரு நிலம் 'காலி' என்று சொல்ல உனக்கு என்ன சான்று வேண்டும்? உன் வரைபடத்தில் வேண்டுமென்றே எழுதாமல் விட்டது எது, ஏன்? திடலில் உன் பங்கு குறைந்தாலும் நீ ஏற்றுக்கொண்ட விதி எது? விடைகளின் நீளத்தைப் பார்க்கவில்லை; களக்குறிப்பிலிருந்து காரணம் காட்டினார்களா என்று மட்டும் பார்த்தேன். எழுதத் தயங்கும் பிள்ளைகளிடம் வாய்மொழியாகக் கேட்டேன்.

உங்கள் பள்ளியில் செய்ய

உள்நாட்டு ஊர்களில் களத்துமேடு, மந்தைவெளி, ஏரிக்கரை, சந்தைத் திடல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். நகரப் பள்ளிகளுக்கு மனைப்பிரிவுகளின் திறந்தவெளி ஒதுக்கீடு நல்ல பாடப்பொருள். பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலம் பூங்கா, விளையாட்டுத்திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட வேண்டும். உங்கள் தெருவுக்கான அந்த இடம் எது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும். ஆறாம் வகுப்பின் உள்ளாட்சிப் பாடத்துக்கும் எட்டாம் வகுப்புக் கணக்கின் அளவைகளுக்கும் இது நேராகப் பொருந்தும்.

மூன்று எச்சரிக்கைகள். தலைமையாசிரியரின் ஒப்புதலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஆதரவும் முதலில் பெறுங்கள். எந்தக் குடும்பத்தையும் சுட்டும் வகையில் வரைபடம் அமையக் கூடாது. ஊரில் ஏற்கெனவே நீதிமன்ற வழக்கில் உள்ள நிலத்தைப் பாடத்துக்கு எடுக்க வேண்டாம்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, முடிச்சிட்ட கயிறு, புல எண். கிராம சபை ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எட்டு வாரங்களை எண்ணுங்கள். அன்று திடலுக்குப் போகலாம்.